வீட்டு வடிப்பு குற்றமான வரலாறு: இலங்கையின் மதுவரிச் சட்டமும் வர்க்க நலன்களும்

இலங்கையில் ஒருவர் தமது வீட்டில், தமது பாவனைக்கு மாத்திரம், ஒரு போத்தல் சாராயம் வடித்துக்கொள்ளலாமா என்ற வினாவுக்குச் சட்டம் தரும் விடை மிகச் சுருக்கமானது. முடியாது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றி மதுசாரம் உற்பத்தி செய்வதை மட்டுமன்றி, அந்நோக்குடன் வடிகலத்தையோ வேறு உபகரணத்தையோ மூலப்பொருளையோ வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. விற்பதற்கா, தான் குடிப்பதற்கா என்ற வேறுபாட்டினால் வடித்தவன் தப்பிவிட முடியாது. அதனினும் வியப்பிற்குரியது ஒன்றுண்டு. தமது காணியில் தாமே நட்டு வளர்த்த தென்னையின் பாளையைச் சீவிக் கள்ளிறக்குவதற்கும் அனுமதி வேண்டும் என்பதே சட்டத்தின் பொது விதி. மரம் உடைமையாளனுக்குரியது, அதன் காய் அவனுக்குரியது, ஓலையும் மட்டையும் அவனுக்குரியன, பாளையிலிருந்து சொட்டுவது மட்டும் அரசின் கண்காணிப்புக்குரியது. இவ்விசித்திரமான பங்கீடு எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுவாக இதற்கு இரு காரணங்கள் கூறப்படுவதுண்டு. ஒன்று ஒழுக்கம், மற்றையது உடல்நலம். இரண்டும் பொய்யான காரணங்கள் எனக் கூறுவதற்கில்லை. ஆயின் அவை வரலாற்றிற் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டவை. சட்டத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். மேனாட்டார் 'அரக்' என வழங்கியதும் சிங்களத்தில் 'அரக்கு' என நிலைத்ததுமான சொல், வியர்வையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது. கலத்தின் மூடியில் ஆவி வியர்த்துத் துளிப்பதைக் கண்டு இட்ட பெயர் அது. சட்டவிரோதமாக வடித்ததை இலங்கையில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே 'கசிப்பு' என்பர். 'கசி' என்னும் தமிழ் வினையை அது உடனே நினைவூட்டுகின்றது. வியர்த்தது சட்டத்திற்கு உட்பட்டது. கசிந்தது சட்டத்திற்குப் புறம்பானது. செய்முறையோ ஒன்றே. புளித்த திரவத்தைச் சூடாக்கினால் நீருக்கு முன்னர் மதுசாரம் ஆவியாகும். அவ்வாவியைக் குளிரவைத்து ஏந்திக்கொள்வதுதான் இரண்டிடத்திலும் நடப்பது. வேறுபாடு கலத்தில் இல்லை, அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது.

பண்டைத் தமிழ் இலக்கியத்திலே கள், நறவு, தேறல், தோப்பி எனக் குடிவகைகள் பல பேசப்படுவதை நாம் அறிவோம். பெரும்பாணாற்றுப்படையில் வீட்டிலேயே அட்டெடுத்த கள்ளைச் சுட்டும் தொடர் ஒன்று வருவது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. இவை புளிக்க வைத்த பானங்களே, வடித்தெடுத்தவை அல்ல. எனினும் மது வீட்டுற்பத்தியின் ஒரு கூறாக இருந்தது என்பதில் ஐயமில்லை. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியது. ஆனால் அங்கே கண்டிக்கப்படுவது உண்ணல்; அடுதலை அரசன் தண்டிக்க வேண்டும் என்று வள்ளுவர் கூறவில்லை. அரசு மதுவினுட் புகும் இடத்தைக் காண வேண்டுமாயின் அர்த்தசாத்திரத்துக்குச் செல்ல வேண்டும். கௌடில்யர் மதுவுக்கென ஓர் அத்தியட்சனை நியமித்து, உற்பத்தியையும் விற்பனையையும் அவன் கையில் ஒப்படைக்கிறார். அப்படிப்பட்ட வருவாய்க் கண்ணுடைய கௌடில்யரும் விசேட தினங்களில் குடும்பத்தவர் தமக்கு வேண்டிய மதுவைத் தாமே ஆக்கிக்கொள்ளவும், திருவிழாக் காலங்களில் நான்கு நாள்கள் பொதுவாக விலக்களிக்கவும் இடம்விட்டார். நவீன அரசு அந்த நான்கு நாள்களையும் விட்டுவைக்கவில்லை.

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்தில் (1658–1796) தென்மேற்குக் கரையின் தென்னஞ் சாராயம் ஏற்றுமதிப் பண்டமாயிற்று. அதனை விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. பிரித்தானியர் இம்முறையை அப்படியே கையேற்று விரிவாக்கினர். குறிப்பிட்ட பிரதேசத்தில் சாராயம் விற்கும் ஏகபோக உரிமை ஏலத்தில் விடப்படும். கூடிய தொகை கேட்டவர் குத்தகைக்காரர் ஆவார். அவர் கீழ்க் குத்தகைக்காரருக்கும், அவர்கள் தவறணைக்காரருக்கும் உரிமையைப் பிரித்து விற்பர். சாராயம், 'ரம்', கள் ஆகியவற்றுக்கான 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இம்முறைக்கு ஒழுங்கான சட்ட உருவம் கொடுத்தது. அரசுக்கு முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்ட வருமானம். குத்தகைக்காரருக்குப் போட்டியற்ற சந்தை. இவ்வமைப்பிலே வீட்டில் ஒருவன் வடிக்கும் ஒவ்வொரு போத்தலும் குத்தகைக்காரரின் இலாபத்திலிருந்து கழிவது. ஆகவே கள்ள வடிப்பைத் துப்பறிவதில் ஆங்கில உத்தியோகத்தரைக் காட்டிலும் குத்தகைக்காரரின் ஆட்களுக்கே அக்கறை கூடுதலாக இருந்திருக்கும். ஏகபோகம் இருக்குமிடத்தில்தான் 'கள்ள' என்ற அடைமொழி பிறக்கிறது.

இக்குத்தகையிலிருந்தே இலங்கையின் முதலாளி வர்க்கம் தலையெடுத்தது என்பது இன்று பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிபு. மைக்கல் றொபேட்ஸ் 1982இல் வெளியிட்ட நூலில் கராவ சமூகத்து உயர்குழாத்தின் எழுச்சியைச் சாதிப் போட்டியின் பின்னணியில் விளக்கினார். குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியிட்ட நூல் அதே செய்திகளை வர்க்க உருவாக்கத்தின் கோணத்தில் நோக்கியது. மொரட்டுவை, பாணந்துறைப் பகுதிகளின் வணிகக் குடும்பங்கள் சாராயக் குத்தகையில் திரட்டிய பணம் கோப்பி, தென்னந் தோட்டங்களுக்கும் காரீயச் சுரங்கங்களுக்கும் நகரக் கட்டடங்களுக்கும் சென்றது. ஜெரோனிஸ் டி சொய்சாவின் குடும்பம் இதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் உதாரணமாகும். சாதியை ஒதுக்கிவிட்டு இவ்வரலாற்றை எழுத முடியாது என்பது உண்மையே. எனினும் ஜயவர்த்தனவின் பார்வையே எனக்கு ஆழமானதாகப் படுகிறது. தொழிற்சாலை கட்டி, போட்டியிட்டு, உற்பத்திச் சக்திகளை வளர்த்து எழுந்த வர்க்கமன்று இது. குடியேற்ற அரசு ஏலத்தில் விற்ற உரிமையை வாங்கி வளர்ந்த வர்க்கம். அதன் பிற்கால அரசியற் கோழைத்தனத்தை விளங்கிக்கொள்ள இப்பிறப்பு வரலாறு பெரிதும் உதவும்.

மார்க்ஸ் தமது இளமையில், 1842இல், ரைன் மாகாணச் சபையின் விறகுத் திருட்டுச் சட்ட விவாதங்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளை இங்கு நினைவுகூரலாம். காட்டிலே வீழ்ந்த சுள்ளி பொறுக்குவது ஏழைகளின் வழக்குரிமையாக இருந்தது. காட்டுடைமையாளரின் நலன் கருதி அது திருட்டாக்கப்பட்டது. செயல் மாறவில்லை, செயலின் பெயர் மாறிற்று. இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது. விறகு பொறுக்குதல் போல வடித்தல் நம் கிராமங்களில் எல்லாருக்கும் உரிய தொன்மையான வழக்கு என்பதற்கு ஆதாரம் போதாது. இன்னும் பொருத்தமான ஆசான் எங்கெல்ஸ் என்பது என் எண்ணம். 1876இல் பிரஷ்யச் சாராயம் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், உருளைக்கிழங்குச் சாராயம் எவ்வாறு நிலப்பிரபுக்களைப் பொருளாதார அழிவிலிருந்து காத்தது, அதன்வழி அவர்களின் அரசியல் ஆதிக்கத்தை எவ்வாறு நீடிக்கச் செய்தது என்பதைக் காட்டினார். மதுவைக் குடிப்பவனின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் நோக்காமல், வடிப்பவனின் வர்க்கப் பிரச்சினையாக நோக்கும் முறை அது. பிரஷ்யாவுக்கு உருளைக்கிழங்கு எதுவோ, இலங்கைக்குத் தென்னை அது.

சாராயம் எங்கே விலைபோயிற்று என்பதும் கவனிக்கற்பாலது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் தவறணைகள் மலைநாட்டுக்குள் நுழைந்தன. கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தபோது, தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் நிலையான வாடிக்கையாளராயினர். தோட்டத்துரை கொடுத்த கூலியின் ஒரு பகுதி தவறணை வழியாகக் குத்தகைக்காரருக்கும், குத்தகை வழியாக அரசுக்கும் திரும்பிச் சென்றது. அதே தொழிலாளி லயத்தின் பின்புறத்தில் வடித்துவிட்டால் இச்சுற்று அறுபட்டுவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குத்தகை முறைக்கு எதிராக மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. 1904இலும், அதனினும் வலுவாக 1912இலும் கிளர்ந்த இவ்வியக்கம் பௌத்த மறுமலர்ச்சியோடு இணைந்து நின்றது. சேனநாயக்க சகோதரர், டி. பி. ஜயதிலக்க, அநகாரிக தர்மபால முதலியோர் இதன் வழியாகவே மக்கள் அரங்குக்கு வந்தனர். 1912ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை முறையைக் களைந்து, சென்னை மாகாணத்து 1886ஆம் ஆண்டின் அப்காரிச் சட்டத்தின் போக்கில், அனுமதிப்பத்திரமும் மதுவரித் திணைக்களமும் கொண்ட புதிய அமைப்பைக் கொணர்ந்தது. கள்ளுத் தவறணைகளும் சாராயத் தவறணைகளும் தனித்தனியாக்கப்பட்டமையால், புதிதாகக் கள்ளுத் தவறணைகள் பெருமளவில் திறக்கப்பட்டன. எதிர்ப்பு மூண்டதற்கு இதுவே உடனடிக் காரணம். 1915 கலவரத்தின்போது பிரித்தானிய அரசு மதுவிலக்குத் தலைவர்களையே சிறையிலிட்டது. அவர்கள் தேசியத் தலைவர்களாகும் தகுதியைச் சிறையே அவர்களுக்கு அளித்தது.

இயக்கத்தின் குடியேற்ற எதிர்ப்புக் கூறினை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அரசின் வருமானத்தைத் தாக்குவது அரசினையே தாக்குவதாகும். ஆயினும் மதுவிலக்கு மேடையில் நின்ற வர்க்கம், சாராயக் குத்தகையிற் செழித்த வர்க்கத்தின் சகோதர வர்க்கமே. சில வேளைகளில் ஒரே குடும்பமே. தந்தை திரட்டிய பணத்தில் மகன் ஒழுக்கம் போதித்தான் என்றால் அது மிகையாகாது. இவ்வியக்கம் தவறணையை மூடக் கோரியதேயன்றி, தவறணையில் குடித்தவன் ஏன் குடித்தான் என்று கேட்கவில்லை. அவனது கூலி, வேலைநேரம், குடியிருப்பு என்பன பற்றி அது பேசியது அரிது.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு வடிவில் அமைந்தது. அங்கே கள் பனையினது. மரம் பெரும்பாலும் உயர்சாதி நிலவுடைமையாளருக்குரியது. ஏறிச் சீவியவர் ஒடுக்கப்பட்ட சாதியினர். குடித்தவர் எல்லாச் சாதியினரும் ஆவர். ஆனால் கள்ளின் இழிவு சீவியவன் தலையில் மட்டும் ஏற்றப்பட்டது. சைவ ஒழுக்கமும் மிஷனரிமாரின் ஒழுக்கமும் ஒன்றையொன்று எதிர்த்த காலத்திலும் இந்த விடயத்தில் ஒன்றுபட்டு நின்றன. எனவே மதுவிலக்கு என்ற பெயரில் நடைபெற்றதன் ஒரு பகுதி தொழிலாளர் மீதான சாதிக் கண்காணிப்பே எனலாம். 1972இல் சீவற்றொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தமை இவ்வுறவை ஓரளவு மாற்றியது. தொழிலாளி கள்ளைத் தன் சங்கத்துக்கு விற்றான்; சங்கம் தவறணை நடத்தியது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. வடமராட்சியின் திக்கம் வடிசாலை பனஞ் சாராயத்தைச் சட்டபூர்வமான பண்டமாக்கியது. ஈழத்துத் தமிழ்ச் சமூகத்தில் மது பற்றி நடைபெற்ற மிகவும் முற்போக்கான பரிசோதனை இதுவே. நம் ஆய்வாளர் இதற்கு உரிய இடமளிக்காமை வருந்தத்தக்கது.

இவ்வரலாற்றில் இடதுசாரிகள் ஒரே ஒருமுறை நேரடியாகக் கைவைத்தனர். 1964 ஜூன் மாதம் லங்கா சமசமாசக் கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தபோது என். எம். பெரேரா நிதியமைச்சரானார். தென்னையிலிருந்து கள்ளிறக்குவதற்கிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தும் யோசனையை அவர் முன்வைத்தார். கசிப்பின் பரவலுக்குக் காரணம் சட்டபூர்வமான சாராயத்தின் விலை; மலிவானதும் ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்ததுமான கள் எளிதிற் கிடைப்பின் கசிப்பு தானே தேயும் என்பது அதன் நியாயம். பொருளாதார அறிஞரின் தெளிவான நியாயம்தான். ஆனால் நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. பிக்குமாரும் மதுவிலக்குச் சங்கங்களும் ஒன்றுதிரண்டனர். வலதுசாரிகள் அதனை நன்கு பயன்படுத்திக்கொண்டனர். 1964 டிசம்பர் 3ஆம் நாள் ஒரே வாக்கினால் அரசாங்கம் தோற்றது. பத்திரிகைச் சட்டமூலமே அத்தோல்விக்கு முதன்மையான காரணமென்பது மெய். எனினும் 1965 மார்ச்சுத் தேர்தல் மேடைகளில் 'மார்க்சியர் நாட்டைக் கள்ளில் மூழ்கடிப்பர்' என்ற வகையான பிரசாரத்துக்குக் குறைவிருக்கவில்லை.

அந்த யோசனையின் குறைபாடு அதன் பொருளாதாரத்தில் இல்லை. ஐம்பது ஆண்டுகளாகத் தேசியம் என்பதே மதுவிலக்கின் மொழியிற் பேசப்பட்டு வந்த நாட்டில், அம்மொழியை எதிர்கொள்ளும் கருத்துப் போராட்டம் எதனையும் நடத்தாமல் வரவுசெலவுத் திட்டத்தின் வழியாகவே அதனைக் கடந்துவிடலாம் எனக் கட்சி கருதியது. பொருளாதாரவாதத்தின் விலை அது.

பின்னர் நடந்தது வேறு திசையிற் சென்றது. அதே என். எம். பெரேரா மீண்டும் நிதியமைச்சராக இருந்த 1974ஆம் ஆண்டில் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் தோன்றியது. வீட்டுத் தென்னையை விடுவிக்கத் தொடங்கிய இடதுசாரி அரசியல் வடிப்பைத் தேசியமயமாக்குவதில் முடிந்தது. அக்கூட்டுத்தாபனம் 1989இல் கம்பனியாக மாற்றப்பட்டு 1992இல் தனியார்மயமானது. நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றைக் குத்தகைக்காரர், திணைக்களம், கூட்டுத்தாபனம், தனியார் கம்பனி என்று வரிசைப்படுத்தி நோக்கினால், இலாபம் கைமாறிக்கொண்டே வந்திருப்பதைக் காணலாம். வீட்டுப் பானை மட்டும் எல்லாக் காலத்திலும் குற்றவாளியாகவே இருந்திருக்கிறது.

இன்றைய கசிப்பின் புவியியலை அறிய வத்தளை தக்க இடமாகும். களனி கங்கையைக் கடந்து நீர்கொழும்பு வீதியில் வடக்கே செல்பவருக்கு இடப்புறத்தில் ஹெந்தளை, அதற்கப்பால் முத்துராஜவெலச் சதுப்பு நிலம் சுமார் 3,000 ஹெக்டேயர் பரப்பில் நீர்கொழும்பு வாவி வரை நீண்டு கிடக்கிறது. பெயர் குறிப்பது போலவே முன்னொரு காலத்தில் அது வயல். ஒல்லாந்தர் காலக் கால்வாய் வெட்டுகளால் உவர்நீர் புகுந்து நெல் அழிந்தது என்பர். அதனை வடியச்செய்யும் எண்ணத்துடன் பிரித்தானியர் 1802–1804இல் ஹமில்டன் கால்வாயை அமைத்தும் வயல் மீளவில்லை. 1996இல் சதுப்பின் ஒரு பகுதி சரணாலயமாக்கப்பட்டது. கரைநிலம் நாணலும் கண்டலுமாக அடர்ந்து, வள்ளமன்றி வேறு வழியில் அணுக முடியாதிருப்பதால், கசிப்பு வடிப்போருக்கு அது நெடுங்காலமாகப் புகலிடம். சீனியும் 'ஈஸ்ட்டு'ம் நீரும் கலந்து புளிக்கவிட்ட 'கோடா' பீப்பாய்களைச் சேற்றுக்கும் நீருக்கும் அடியில் ஒளித்துவைப்பதும், அவற்றைப் பொலிசார் தோண்டியெடுப்பதும் செய்தித்தாள் வாசகருக்குப் பழகிய செய்திகள். குடியேற்ற அரசின் கால்வாய் வயலைத் தரிசாக்கிற்று; அதன் மதுவரிச் சட்டம் தரிசுக்கு ஒரு பயிரைக் கொடுத்தது. அதே வீதியில் மேலும் வடக்கே சீதுவையில் சட்டபூர்வமான சாராயம் போத்தலில் அடைக்கப்படுகிறது.

கசிப்பைக் குடிப்பவர் யார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நாட்கூலி பெறுவோர், மீன்பிடிப்போர், துறைமுகத்தையும் களஞ்சியங்களையும் நம்பி வாழ்வோர் ஆகியோரே. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு இங்கு இல்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னரும், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்துகொண்ட ஏற்பாட்டின் கீழும் அரசு வருமானத்தை உயர்த்தும் அவசரத்தில் மதுவரி ஏற்றப்பட்டது. சம்பளத்தின் மெய்ப்பெறுமதி வீழ்ந்த வேளையில் போத்தலின் விலை ஏறினால் தொழிலாளி குடியை விடுவதில்லை, கடையை மாற்றுகிறான். இதனை மதுவரி அதிகாரிகளே ஒப்புக்கொண்டுள்ளனர்.

உடல்நலம் பற்றிய வாதத்தை இனி நோக்கலாம். 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது மெதனோல். சீனியையோ கள்ளையோ புளிக்கவைத்து வடிக்கும்போது மெதனோல் உண்டாவது மிகச் சொற்பம். கூட்டமாக உயிர் குடிக்கும் அளவு மெதனோல் தொழிற்சாலைகளுக்கென உற்பத்தியாகி, களவாக வெளியேறி, சாராயத்திற் கலக்கப்படுவது. எனவே கள்ளக்குறிச்சி வீட்டு வடிப்பின் விளைவன்று. கைத்தொழில் இரசாயனம் ஒன்று கள்ளச் சந்தையில் மலிவுப் பண்டமானதன் விளைவு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டமை, 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அரசின் கையிலானமை ஆகிய எல்லாக் கட்டங்களையும் தமிழகம் கண்டுவிட்டது. எக்கட்டத்திலும் கள்ளச்சாராயச் சாவு ஓயவில்லை; எக்கட்டத்திலும் இறந்தவர் ஏழைகளே.

வேறு நாடுகளில் இவ்வினாவுக்கு வேறு விடைகள் உண்டு. நியூசிலாந்து 1996இல் சொந்தப் பாவனைக்கான வீட்டு வடிப்பைச் சட்டபூர்வமாக்கியது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1978இல் வீட்டில் 'பியர்' காய்ச்ச இடமளித்தபோதும் வடித்தலுக்கு இடமளிக்கவில்லை. 2024 ஜூலையில் டெக்சாசிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அத்தடையை எதிர்த்து வழக்காடிய பொழுதுபோக்கு வடிப்போர் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கே பிரச்சினை வசதி படைத்தவனின் பொழுதுபோக்கு. இங்கே அது வேலையற்றவனின் பிழைப்பு. ஆதலால் அவ்விடத்துத் 'தனிமனித சுதந்திர' வாதத்தைத் தூக்கிவந்து வத்தளையில் நாட்டுவது நகைப்புக்கிடமாகும்.

கசிப்பை மக்கள் எதிர்ப்பின் வடிவமாகப் போற்றும் போக்கும் நம் இளைஞர் சிலரிடம் உண்டு. இதுவும் ஏற்கத்தக்கதன்று. முத்துராஜவெலவில் வடிபடுவது வீட்டுத் தேவைக்கான மது அல்ல, அது பண்டம். அதற்கும் முதல் போடுபவர் உளர், கூலிக்கு அடுப்பெரிப்பவர் உளர். சதுப்பில் பிடிபடுபவன் அடுப்பெரித்தவன். முதல் போட்டவர் பீப்பாய்க்கு அருகில் நிற்பதில்லை. தண்டப்பணம் கட்ட வழியில்லாதவன் சிறை செல்கிறான். வழியுள்ளவனுக்கு அது வியாபாரச் செலவு. சட்டபூர்வமான துறையிற் போலவே இங்கும் ஏகபோகமும் சுரண்டலும் இருக்கின்றன. வீட்டு வடிப்பைச் சட்டம் விடுவித்தால் முதலிற் பாதிக்கப்படுபவர் இக்கள்ள முதலாளியாகவும் இருக்கக்கூடும்; இருபுறத்து ஏகபோகமும் ஒரே தடையில் தங்கி நிற்கிறது.

பெண்களின் நிலை தனியாக ஆராயப்பட வேண்டியது. 1979 டிசம்பர் 31ஆம் நாளைய 666ஆம் இலக்க மதுவரி அறிவித்தல் தவறணைகளில் பெண்கள் வேலை செய்வதையும், அவர்களுக்கு மது விற்பதையும் தடைசெய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில நாள்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பணிப்பின் பேரில் அந்நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. 1964இல் ஒலித்த குரல்களே அப்போதும் ஒலித்தன. சட்டப்படி ஒரு போத்தல் வாங்க இயலாத அதே பெண், கணவன் இறந்தோ விட்டுப்போயோ பிள்ளைகளோடு தனித்து நிற்கையில், வீட்டில் கசிப்பு வைத்து விற்றதற்காக நீதவான் முன் நிறுத்தப்படுகிறாள். அவளுக்கு விதிக்கப்படும் தண்டப்பணமும் அரசின் வருமானக் கணக்கிலேயே சேர்கிறது.